சாராள் விட்டுக்கொடுத்த இடம்

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து மகளின் உடல் வந்து ஒரு மணி நேரமாகியும் சபைச் செயலாளர் எபனேசர் அழவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாஸ்டர் அருகே வந்து தணிந்த குரலில் கேட்டார். "குழிய எங்க தோண்டச் சொல்லட்டும்?"

"கல்லறைத் தோட்டத்துக்கு வெளியதான் ஐயா. தானா உசுர மாய்ச்சிக்கிட்டவங்களுக்கு உள்ள எடம் கெடையாது. சபை சட்டத்த என் பொண்ணுக்காக மாத்தக் கூடாதுங்க."

"சட்டத்துக்கு மேல கிருபை இருக்குது, எபனேசர்."

"இருக்குதுங்க. அதக் கேக்க எனக்கு வாயில்ல."

பெண்கள் நடுவிலிருந்து விதவை சாராள் எழுந்து வந்தாள்.

"எங்க வூட்டுக்காரர் பக்கத்துல எனக்குன்னு ஒதுக்கின எடம் உள்ள இருக்குது. பாப்பாவ அங்க வையுங்க ஐயா."

எபனேசர் மெல்லத் தலையைத் தூக்கினார். "நீயா சாராளு சொல்ற?"

அவள் குனிந்து, இறந்த பெண்ணின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அப்ப உனக்கு எடம் வேணாமாம்மா?" என்றார் பாஸ்டர்.

"எனக்கு வெளியவே போதுங்க. மூணு வருசம் முன்ன, இதே சட்டத்தச் சொல்லி செயலாளர் அண்ணன் எம்புள்ளய வெளியதான பொதைக்க வெச்சாரு. அவன் பக்கத்துல படுத்துக்கறேன்."