லேசான கயிறு

கயிறு லேசாக வந்தது.

தங்கையை மேலே தூக்கும்போதெல்லாம் அண்ணனுக்கு இடுப்பு கழன்றுவிடும். இன்று காலி வாளியை இழுப்பது போல இருந்தது.

விடுமுறைக்கு வரப்போகும் குழந்தைகள் படம். கதாநாயகிதான் தேவதை. தேவதைக்கு உயரம் என்றால் தலை சுற்றுமாம். அதனால் அவளுடைய உடையை மாட்டிக்கொண்டு பறப்பது தங்கை. பஞ்சுப் பனி மூடிய அட்டை வீடுகளுக்கு மேலே, பரிசுப் பொட்டலங்களை வீசியபடி, சிரித்த முகமாகப் பறக்க வேண்டும்.

அவள் இடுப்புப் பட்டையில் கயிற்றை மாட்டும் கொக்கியை அண்ணனைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அது அவன் போட்ட சட்டம். உதவி இயக்குநர் ஒருவர் ஒருமுறை தொட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இன்றும் அவன்தான் மாட்டினான். வழக்கம்போலத் தங்கை அவனை ஒருமுறை கட்டிக்கொண்டுதான் போனாள்.

“மேலே, இன்னும் மேலே” என்றார் இயக்குநர், ஒலிபெருக்கியில்.

அண்ணன் இழுத்தான். வியர்த்தது. கைக்குட்டைக்காக ஒரு கையைச் சட்டைப்பைக்குள் விட்டான்.

கொக்கி பைக்குள் இருந்தது.

மாட்டினானே. மாட்டிவிட்டு இரண்டு முறை இழுத்தும் பார்த்தானே.

அண்ணாந்து பார்த்தான். கூரையை ஒட்டி அவள் முதுகு தெரிந்தது. கயிற்றின் நுனி அவளுடைய இடுப்பு ரிப்பனில் சும்மா செருகியிருந்தது. கீழே, அட்டை வீடுகளைத் தாங்கும் இரும்புக் கம்பிகள் முளைத்து நின்றன.

கத்தினால் அவள் திரும்பிப் பார்ப்பாள். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் விழுந்துவிடுவாள்.

வாயை இறுக மூடிக்கொண்டான். ஒன்றையும் தாங்காத கயிற்றை, பாரம் இருப்பது போலவே காலை ஊன்றி, பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற விளக்குக்காரர் கொட்டாவி விட்டார். அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

தங்கை ஒரு சுற்று சுற்றினாள். கடைசிப் பொட்டலத்தையும் வீசினாள். அண்ணன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, அவளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள்.

அவள் கால் தரையைத் தொட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் ஓடிப்போய் அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டான்.

அவள் அவன் காதோடு சொன்னாள்:

“கொக்கிய நான்தாண்ணா கழட்டி உன் பையில போட்டேன். இடுப்ப ரொம்ப அறுக்குது. ஆனா நீ கயித்த மட்டும் விட்டுடாத. நீ பிடிச்சிருந்தாதான் எனக்குப் பயமில்ல.”