சின்ன விளையாட்டு

வார்டு ஜன்னல் வழியே வரும் மதிய வெயில் அக்காவின் கட்டில்மேல் கிடக்கிறது. ஊசி ஏறிய கையை அசைக்காமல், மறுகையில் தம்பியின் கேம் பெட்டியைப் பிடித்திருக்கிறாள். அவனே பிரித்து மாற்றியமைத்த பெட்டி. திருகாணி தொலைந்த மூலையில் டேப் ஒட்டியிருக்கிறது. மெமரி கார்டு நிரம்பிவிட்டதாகத் திரையில் சிவப்புக் கோடு. எதையாவது அழித்தால்தான் புது கேம் ஏறும். பெட்டியோடு ஒயரில் இணைத்த லேப்டாப் மடியிலிருக்க, தம்பி எப்போதும்போல் அழிப்பதற்கு அவள் விளையாடி முடித்தவற்றைத் தேடுகிறான். "அதெல்லாம் இருக்கட்டும்டா. அந்தப் பெரிய ராஜா கதை கேமைத் தூக்கிடு" என்கிறாள். "பாதிகூட முடியலையேக்கா. அதுவே கதின்னு கெடந்தியே!" "அதான் சொல்றேன். அது எப்ப முடியறது?" "சரி, விளையாடின வரைக்கும் தனியா எடுத்து வெச்சிடறேன்." "எதுக்கு?" மருந்துக் குழாயில் ஒரு சொட்டு திரண்டு விழுகிறது. அழிக்கும் பொத்தானை அவளே அழுத்துகிறாள். கோடு பச்சையாகி, பாதிக்குமேல் வெறுமையாகிறது. "அடேயப்பா, எவ்வளவு இடம்!" என்று சிரிக்கிறாள். "இப்ப சின்னதா ஒண்ணு ஏத்துடா. சாயங்காலத்துக்குள்ள முடியற மாதிரி."