ஒரே வரியில் போயிரும்

பனியன் கம்பெனி மேனேஜர் ராஜவேல், கம்ப்யூட்டர் பார்க்கும் இசக்கியம்மாளைக் கொண்டையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் தள்ளினான். காலையில் டெய்லர் மூக்கையாவின் மண்டையை அவன் இரும்புக் கம்பியால் பிளந்தது கேமராவில் பதிவாகியிருந்தது.

“அந்த வீடியோவ அழி.”

அவள் மவுஸை நகர்த்தி வீடியோவைக் குப்பைத்தொட்டிப் படத்துக்குள் போட்டாள். ராஜவேல் மவுஸைப் பிடுங்கித் தொட்டியைத் திறந்தான். வீடியோ பத்திரமாக இருந்தது. அதை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அவளை அறைந்தான். உதடு கிழிந்தது.

“என்னையவே ஏமாத்தறயா?”

“இல்ல சார். படத்தைத் தொட்டு அழிச்சா யாரு வேணாலும் திரும்ப எடுத்துரலாம். கறுப்புத் திரையில கட்டளைய டைப் பண்ணுனா ஒரே வரியில போயிரும்.”

“அப்ப அதையப் பண்ணு. தப்பாச்சுன்னா ஆஸ்பத்திரில மூக்கையாவுக்குப் பக்கத்துக் கட்டிலு உனக்குத்தான்.”

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவள் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தாள். வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றன. ராஜவேல் ஃபோல்டரைத் திறந்தான். காலி. தொட்டியைத் திறந்தான். அதுவும் காலி. கம்பியைச் சாக்கடையில் வீசிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனான்.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் கம்பெனிக்கு வந்து அவன் கையில் விலங்கு மாட்டினார்.

“நாந்தான் அடிச்சேன்னு என்ன ஆதாரமுங்க?”

இன்ஸ்பெக்டர் போனை நீட்டினார். அதில் மூக்கையாவின் தலையில் கம்பி இறங்கிக்கொண்டிருந்தது.

“தொழிற்சங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்துச்சாம். உங்க கம்பெனியில இருந்துதான்.”

ராஜவேல் திரும்பினான். இசக்கியம்மாள் கிழிந்த உதட்டோடு நின்றிருந்தாள்.

“அழிக்கிற வரி வேற, இடம் மாத்துற வரி வேற சார். நான் அடிச்சது இடம் மாத்துற வரி.”