தினம் ஒரு வார்த்தை

தெருநாய் செவலைக்குப் பங்களாவில் வேலைக்குச் சேர ஆசை. அங்கே மனிதர்கள் தங்களுக்குள் தமிழ் பேசினாலும், நாயிடம் இங்கிலீஷ்தான் பேசுவார்கள். அதனால் செவலை கேட் கம்பிக்கு வெளியே நின்று, வீட்டுநாய் புரூனோவிடம் தினம் ஒரு வார்த்தை கற்றது. கம், சிட், கேட்ச்.

“உன் மூஞ்சிக்கு இங்கிலீஷ் ஏறுமாடா?” என்று நாய் பாஷையில் கேட்டது புரூனோ.

“ஏறும் ஏறும். நாளைக்கு வேற வார்த்தை குடு.”

ஒருநாள் சமையலறைக்குள் குரங்கு புகுந்தது. “ஐயோ, விரட்டுடா!” என்று வீட்டம்மா அலறினாள். புரூனோ வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. செவலை மதிலேறிக் குதித்து விரட்டியது. அவள் மூச்சு வாங்க “சிட்!” என்றதும் பவ்யமாக உட்கார்ந்தது.

அன்று சோறு இரண்டு தட்டில் வந்தது. புரூனோ மெல்ல நெருங்கியது. “அண்ணே, அம்மா என்னமோ கத்தினாங்களே, அது என்ன?”

“தினம் ஒண்ணுதான்,” என்றது செவலை. “இன்னைக்கு ‘விரட்டு’.”