சாம்பல் சதுரம்
உதவி மைய மேற்பார்வையாளரின் திரையில், மகளின் நீச்சல் போட்டி ஓட வேண்டிய இடத்தில் சனியன் பிடித்த சாம்பல் சதுரம்: ‘பிளக்-இன் இல்லை.’ ஜன்னல் வெயில் பட்டு அதில் மகளுக்குப் பதில் அவள் முகம்தான் தெரிகிறது. கணினியில் எந்த மென்பொருளைப் போடுவதானாலும் உதவி எண்ணை அழைத்தே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. அழைக்கிறாள், பக்கத்து மேசைக்காரர் எடுக்கிறார். “பிரவுசரை மூடித் திறந்தீங்களா மேடம்?” “யோவ், நான்தான்யா! என் பொண்ணு இப்ப குதிக்கப்போறா, சீக்கிரம் போடுய்யா!” “பிரவுசர் கேஷ் அழிச்சீங்களா மேடம்?” ஹெட்செட் வயர் அவள் விரலில் இறுகுகிறது. ஒன்பதாவது கேள்விக்குப் பிறகு படம் வருகிறது. குளத்தில் யாருமில்லை, தண்ணீர் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. “இந்தக் கண்றாவிக் கேள்வியெல்லாம் எவன்யா எழுதினது?” அவர் தன் மேசையிலுள்ள கேள்விப் பட்டியலைத் திருப்பிக் காட்டுகிறார். ‘ஒரு கேள்வியையும் விடக் கூடாது’ என்ற சிவப்பு வரிக்குக் கீழே அவள் கையெழுத்து.