உத்தனப்பள்ளிக்குப் போன ஆண் பன்றி

கரியப்பனின் கொட்டகையில் மிச்சமிருந்த கடைசிப் பன்றியும் காலையில் செத்துக் கிடந்தது. சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் சொன்ன கால்நடை மருத்துவர் கேட்டார்.

"வெளியிலிருந்து புதுசா பன்னி வாங்கினீங்களா?"

"இல்லீங்க சார்," என்றாள் அவன் மனைவி கெம்பம்மா.

"என்ன தீனி போட்டீங்க?"

"மூக்கண்டப்பள்ளி ஓட்டல் எச்சிச்சோறுதாங்க. போன வாரம் அதோட பன்னிக்கறிக் கழிவும் வந்துச்சு."

"வேகவெச்சுப் போட்டீங்களா?"

"அப்படியேதான் கொட்டுனேன்."

"அதுலதாம்மா வந்திருக்கு. எவனோ நோய் கண்ட பன்னிய ஓட்டலுக்கு வித்திருக்கான்."

கெம்பம்மா மண்ணை வாரித் தூற்றினாள். "பாவி, அவன் குடும்பம் விளங்குமா? யோவ், கல்லாட்டம் நிக்கிறியே, நீயும் நாலு வார்த்த திட்டேன்!"

கரியப்பன் குனிந்து சுண்ணாம்பை அள்ளிப் பன்றியின் மேல் தூவினான்.

"சரி, போவட்டும். இனம் சேக்கன்னு உத்தனப்பள்ளியில விட்ட நம்ம ஆண் பன்னியாவது தப்பிச்சுது. நாளைக்கே போய் ஓட்டிக்கிட்டு வா. அத வித்து ஒரு சினைப்பன்னி வாங்கிக்கலாம்."

கரியப்பன் தலையாட்டினான்.

பத்து நாளைக்கு முன்பே அது அங்கே காய்ச்சலில் சுருண்டுவிட்டது. நோய் வீட்டுப் பன்றிகளுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று பயந்து, கொட்டகைப் பக்கமே கொண்டுவராமல், அதை அந்த மூக்கண்டப்பள்ளி ஓட்டல்காரனிடமே தள்ளிவிட்டிருந்தான்.