இரவல் ஏணி

"எத்தனை தடவை கேக்கறது டாரில்? ஏணி எங்கே?"

கனடாவின் வின்னிபெக் நகரில் அந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கருவி இரவல் சங்கத்துக்கு மார்னிதான் பொறுப்பு. ஏணியோ டிரில் மெஷினோ, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"இன்னும் ஒரே வாரம், மார்னி."

"கூரையில அடைச்ச இலையை எடுக்கணும்னு கோடையில வாங்கிட்டுப் போனே. இப்பப் பனியே விழப்போகுது. அங்கே பக்கத்துத் தெரு விவியன் வீட்டுக் கூரை ஒழுகுது, ஏறிப் பார்க்க ஏணி இல்லை. பொதுச் சொத்துன்னா அவ்வளவு இளக்காரமா உனக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் வீட்டின் பக்கவாட்டுக்கு நடந்தாள். ஏணி மாடி ஜன்னலில் சாய்ந்திருந்தது. ஜன்னல் பாதி திறந்திருந்தது.

"இந்தக் குளிர்ல ஜன்னலை வேற திறந்து போட்டிருக்கே! உன் பொண்ணு ரூம்தானே இது? கால்கரியில படிக்கிறாளே..."

"படிக்கலை. என்னோட சண்டை போட்டுட்டுப் போனவ எங்கே இருக்கான்னே தெரியலை" என்றான் டாரில். "முன்னெல்லாம் கோவிச்சுக்கிட்டுப் போனா, இங்க நின்ன எல்ம் மரத்துல ஏறி ஜன்னல் வழியாத்தான் திரும்பி வருவா. வாசக்கதவைத் தட்டவே மாட்டா, அவ்வளவு ரோஷம். அவ போனப்புறம் அந்த மரத்துக்கு நோய்னு நகராட்சிக்காரங்க வெட்டிட்டாங்க."

மார்னி ஏணியைப் பிடித்தாள். டாரில் விலகி வழிவிட்டான்.

அவள் அதை ஆட்டிப் பார்த்தாள்.

"ஆடுது. விவியன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றவள், குனிந்து ஏணிக் காலுக்கு அடியில் ஒரு கல்லைச் செருகினாள்.